வாழைத் தோட்டமும் வாஷிங்டன் வேதாந்தமும்

அறம் பேசாத அரசு உலகில் எங்கேனும் உண்டா? படையெடுப்பவனும் அறம் பேசுவான், பறிகொடுத்தவனும் அறம் பேசுவான். ஆனால் அதையே கொள்கையின் முகப்பில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்த அரசு என்று தேடினால், ஐக்கிய அமெரிக்காவுக்கே முதலிடம் தர வேண்டும். உரிமை, விடுதலை, மக்களாட்சி! இந்த மூன்று சொற்களையும் உச்சரிக்காமல் அந்நாட்டுத் தலைவர்கள் அயல்நாட்டைப் பற்றி வாய் திறந்தது அபூர்வம். அதே மூச்சில் இன்னொரு சொல்லும் வரும்: நாட்டு நலன். இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகள் என்பார்கள். இருக்கட்டும். இரண்டும் முகம் திருப்பிக்கொண்ட நாளில் எது வென்றது? அறிய விரும்புகிறோம் நாம். அதற்காக ஒரு சின்னஞ்சிறு நாட்டுக்குத் தோழர்களை அழைத்துப் போகிறோம்.

மெக்சிகோவுக்குத் தெற்கே குவாத்தமாலா. 1950இல் அங்கே இருந்தவர்கள் முப்பது லட்சம் பேர்கூட இல்லை. நூற்றுக்கு இரண்டு பேர் கையில், விளைநிலத்தில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் இருந்தது. மற்றவர்கள்? உழுதார்கள், சுமந்தார்கள், பசித்தார்கள். 1944இல் மக்கள் எழுந்தனர், சர்வாதிகாரி ஓடினான். ஆசிரியராக இருந்த அரேவலோ தேர்தலில் வென்று தலைவரானார். 1947இல் தொழிலாளர் சட்டம் வந்தது. சங்கம் வைக்கலாம், வேலைநிறுத்தம் செய்யலாம் என்றது சட்டம். அவருக்குப் பின் 1951இல் ஹகோபோ ஆர்பென்ஸ் பதவி ஏற்றார். அவரும் தேர்தலில் வென்றவரே.

ஆர்பென்ஸ் செய்த குற்றம் என்ன? 1952 ஜூனில் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தார். உழுத நிலத்தைப் பிடுங்கும் சட்டமன்று அது. பெரும் பண்ணைகளில் உழாமல் போட்டு வைத்திருக்கும் நிலத்தை எடுத்து, நிலமற்றவனுக்குக் கொடுப்பது. எடுத்த நிலத்துக்கு ஈடு உண்டு, 25 ஆண்டுக் கடன் பத்திரமாக, வட்டியோடு. ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது. தலைவரின் சொந்த நிலமும் அந்தச் சட்டத்துக்குத் தப்பவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். நிலச் சட்டம் போடுகிறவர்கள் தங்கள் நிலத்தை மட்டும் ஒதுக்கி வைக்கும் வித்தையை நாம் அறியாதவர்களா!

அந்த நாட்டிலே பெரிய நிலச்சுவான்தார் யார்? நாட்டானா? இல்லை. பாஸ்டன் நகரிலே தலைமை அலுவலகம் வைத்திருந்த யுனைடெட் புரூட் கம்பெனி. வாழைப்பழ வியாபாரம். ஐந்தரை லட்சம் ஏக்கர் அதன் கையில், அதில் நூற்றுக்கு 85 பங்கு தரிசு. ரயிலும் அதன் பிடியில், துறைமுகமும் அதன் பிடியில். அந்த மண்ணின் மக்கள் அதற்கு வைத்த பெயர் 'எட்டுக்கால் கடற்பூதம்' என்று பொருள்படும்.

கம்பெனியின் தரிசு நிலத்தைச் சர்க்கார் எடுத்தது. ஈடாக 6 லட்சத்து 27 ஆயிரம் டாலர் தருகிறோம் என்றது. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? கம்பெனியே வரி கட்டுவதற்காக எழுதிக்கொடுத்த மதிப்பிலிருந்து! பத்திரத்தில் ஒரு விலை, பையில் விழுவது ஒரு விலை என்று நம் ஊரிலும் நடக்கிறதே, அதே கதை. வரி கட்டும்போது சுண்டைக்காய், விற்கும்போது பூசணிக்காய். உடனே 1 கோடியே 58 லட்சம் டாலர் கொடு என்று கேட்பு வந்தது. கேட்டது கம்பெனி வக்கீல் அன்று; அமெரிக்க அயலுறவுத் துறை!

அந்தத் துறையின் அமைச்சர் ஜான் பாஸ்டர் டல்லஸ். உளவுத்துறையான சி.ஐ.ஏ.வுக்குத் தலைவர் அவருடைய தம்பி ஆலன் டல்லஸ். இருவரும் முன்பு வக்கீல் தொழில் பார்த்த நிறுவனம், அந்த வாழைப்பழக் கம்பெனிக்காக வழக்காடிய நிறுவனம். குடியரசுத் தலைவர் ஐசனோவரின் அந்தரங்கச் செயலாளரான அம்மையாரின் கணவர், கம்பெனியின் விளம்பரப் பிரிவின் தலைவர். டல்லசுக்கு அடுத்த நிலையில் இருந்த துணை அமைச்சர் பெடல் ஸ்மித், பதவி விட்டதும் அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் போய் அமர்ந்தார்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் கைதட்டல் கிடைக்கும், கணக்குச் சரியாகாது. ஆர்பென்ஸ் வீழ்ந்த அடுத்த வாரமே, 1954 ஜூலை 2ஆம் நாள், அதே அமெரிக்க அரசு, அதே கம்பெனிமீது, ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டது! கம்பெனிக்காக மட்டுமே என்றால் இது ஏன்? அவர்கள் உண்மையிலேயே பயந்தார்கள். நிலச் சட்டத்தை எழுத உதவியவர்களிலே கம்யூனிஸ்டுகள் இருந்தனர். ஆர்பென்சுக்கு அவர்கள் நண்பர்கள். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவர்களுக்குச் சட்டமன்றத்தில் இருந்தது 4 இடம், அமைச்சரவையில் ஓர் இடமும் இல்லை. நான்கு பேரைக் கண்டு நடுங்கியது, அணுகுண்டு வைத்திருந்த அரசு! கம்பெனி அந்த அச்சத்துக்கு எண்ணெய் ஊற்றியது. பத்திரிகையாளர்களைத் தன் செலவிலே அழைத்துப்போய்க் காட்ட வேண்டியதைக் காட்டி அனுப்பியது. அச்சம் அரசுடையது, ஆதாயம் கம்பெனியுடையது. இரண்டுக்கும் மேலே போர்த்திய போர்வைதான் அறம்.

1954 மார்ச்சில் கராகஸ் நகரிலே அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் மாநாடு. கம்யூனிஸ்டு ஊடுருவலுக்கு எதிராக டல்லஸ் தீர்மானம் கொண்டுவந்தார். 17 நாடுகள் ஆதரவு. மெக்சிகோவும் அர்ஜென்டினாவும் ஒதுங்கி நின்றன. எதிர்த்துக் கை தூக்கியது குவாத்தமாலா ஒன்றுதான்.

ஜூன் 18. காஸ்தில்லோ அர்மாஸ் என்ற முன்னாள் அதிகாரி ஹோண்டுராசிலிருந்து எல்லை தாண்டினார். உடன் வந்தவர்கள் ஐந்நூறு பேர்கூட இல்லை. பணமும் பயிற்சியும் விமானமும் சி.ஐ.ஏ. தந்தவை. காட்டுக்குள்ளிருந்து பேசுகிறோம் என்றது ஒரு வானொலி; பேச்சைப் பதிவு செய்த இடமோ மயாமி! குவாத்தமாலா ஐ.நா.வின் பாதுகாப்புச் சபைக்கு ஓடியது. ஜூன் 25இல் ஓட்டெடுப்பு. விசாரிக்கலாம் என்றவர்கள் 4, வேண்டாம் என்றவர்கள் 5. பிரிட்டனும் பிரான்சும் ஓட்டளிக்காமல் ஒதுங்கின. பின்னால் நிற்பது யார் என்று அறிந்த இராணுவ அதிகாரிகள் போரிட மறுத்தனர். 27ஆம் நாள் இரவு ஆர்பென்ஸ் பதவி விலகினார். நாட்டை விட்டுப் போகும்போது விமான நிலையத்திலே, காமிராக்களின் முன்னால், அவருடைய உடைகளைக் களைந்து சோதித்தார்கள்.

நிலச் சட்டம் ரத்தாயிற்று. கம்பெனி நிலம் கம்பெனிக்குத் திரும்பியது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டில்லை என்றார்கள். அந்நாட்டில் அது பெரும்பான்மை மக்கள்! மாஸ்கோ ஆட்டிவைத்ததற்குச் சான்று தேடி சி.ஐ.ஏ. ஆட்கள் கட்டுக் கட்டாகக் காகிதங்களைப் புரட்டினர். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை.

அமெரிக்கா எப்போதும் இப்படித்தானா? அப்படிச் சொல்லமாட்டோம். இரண்டே ஆண்டு கழித்து, 1956இல், சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின்மீது பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் பாய்ந்தபோது, இதே ஐசனோவர் நிறுத்து என்றார். சரியும் பவுன் நாணயத்துக்குக் கைகொடுக்க மறுத்துப் பழைய தோழனைப் பணிய வைத்தார். நல்ல செயல், பாராட்டுகிறோம். ஆனால் அங்கே அறம் சொன்ன திசையிலேதான் நலனும் இருந்தது: அரபு நாடுகள் சோவியத் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது, எண்ணெய் தடைபடக் கூடாது. அதே நாட்களில் ஹங்கேரியிலே சோவியத் டாங்கிகள் உருண்டன. புடாபெஸ்டுக்குக் கிடைத்தவை அனுதாபச் சொற்கள். குறுக்கிட்டால் அணுப்போர் மூளும் என்பதும் உண்மைதான்.

நலனையே அளவுகோலாகக் கொள் என்று கற்பித்த அமெரிக்கப் பேராசிரியர் ஹான்ஸ் மார்கெந்தாவைக் கல்நெஞ்சர் என்றார்கள். வியட்நாம் போர் வேண்டாம் என்று முன்கூட்டியே முழங்கியவர்களில் அந்தக் கல்நெஞ்சரும் ஒருவர்! விடுதலை காக்கப் போகிறோம் என்று அறம் பேசியவர்களோ படை அனுப்பினர். ஆகவே நலன் பெரிதா, அறம் பெரிதா என்ற பட்டிமன்றத்தில் நமக்கு ஆர்வமில்லை. நலன் இன்னது என்று முடிவு செய்யும் அறையிலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நமது கேள்வி அதுதான். 1954இல் அந்த அறையில் அமெரிக்கத் தொழிலாளி இல்லை. குவாத்தமாலாவின் உழவன் வாசலில்கூட இல்லை.

அதற்கு விலை கொடுத்தவனோ உழவன். 1960இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1996இல்தான் ஓய்ந்தது. 36 ஆண்டுகள்! கொல்லப்பட்டவர்களும் காணாமற்போனவர்களும் 2 லட்சம் பேர் என்றது, ஐ.நா. துணையோடு அமைந்த உண்மை அறியும் குழு. அடையாளம் கண்டவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயா பழங்குடியினர். கொடுமைகளில் நூற்றுக்கு 93 பங்கு அரசுப் படைகளும் அவற்றின் துணைப்படைகளும் செய்தவை. இடையே அறம் ஒருமுறை கண் விழித்தது: கார்ட்டர் ஆட்சி மனித உரிமையைக் கேட்டது, 1977இல் தளபதிகள் அமெரிக்க இராணுவ உதவியே வேண்டாம் என்றனர். ஆனால் மாயா கிராமங்கள் எரிந்துகொண்டிருந்த 1982இன் இறுதியில், ரீகன் ஹோண்டுராசிலே தளபதி ரியோஸ் மாண்டைச் சந்தித்துப் புகழ்ந்துவிட்டுப் போனார்.

1999 மார்ச்சில் கிளிண்டன் குவாத்தமாலாவுக்கே வந்து, அந்தப் படைகளுக்கு அமெரிக்கா தந்த ஆதரவு தவறு என்றார். 2011 அக்டோபரில் குவாத்தமாலா அரசின் தலைவர், 1954க்காக ஆர்பென்சின் மகனிடம் மன்னிப்புக் கேட்டார். ஆர்பென்ஸ் 1971இலேயே மெக்சிகோவில் இறந்துவிட்டார். அவருடைய உடல் தாய்நாட்டு மண்ணுக்குத் திரும்பியது 1995இல்.