பணிவு யாருடைய பிறவிக்குணம்?

இருவர் பேசி ஒப்புக்கொண்டு, ஒருவர் ஆட்டுவிக்க மற்றவர் பணிந்து நடக்கிற உறவைப் பற்றி வாயெடுத்தாலே நம்மிடம் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கும். இது மேல்நாட்டுச் சரக்கு. இதில் ஆசை ஆண்களுக்குத்தான். பெண்கள் இருந்தால் காசுக்கோ கட்டாயத்துக்கோ இருப்பார்கள். தப்பித்தவறி விரும்பி வந்த பெண்ணும் பணிகிற பக்கம்தான் நிற்பாள், பணிவு அவளுடைய பிறவிக்குணம். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறவிக்குணம் எப்படிக் கப்பலேறி வரும் என்று அவர்களுக்குக் கேட்கத் தோன்றுவதில்லை.

முதல் தீர்ப்பை முடித்துவிடலாம். காமசூத்திரத்தின் இரண்டாம் பகுதியில் நகக்குறிக்கு ஓர் அத்தியாயம், பல்குறிக்கு ஓர் அத்தியாயம், அடிகளுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. கடுமையான சில அடிகளைத் தென்னாட்டார் வழக்கம் என்றே வாத்ஸ்யாயனர் எழுதுகிறார். அதை அவர் மெச்சவில்லை. சித்திரசேனை என்ற கணிகை ஒரு சோழ அரசனின் அடியில் இறந்ததையும், சாதவாகன அரசன் ஒருவனால் அரசி மலையவதி இறந்ததையும் சொல்லி எச்சரிக்கிறார். எல்லை மீறினால் உயிர் போகும் என்ற கவலை இந்த மண்ணில் அவ்வளவு பழையது. ஆண் தடுத்தும் கேளாமல் கடித்தால் பெண் இரண்டு மடங்காகத் திருப்பித் தரலாம் என்கிறதும் அதே நூல்தான். அடிகளுக்கு அடுத்த அத்தியாயமே பெண் ஆணின் இடத்தை எடுத்துக்கொள்வதைப் பற்றியது.

‘நம் பண்பாட்டில் ஆண் பணிய மாட்டான்’ என்கிறவர்களைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்து வரவேண்டும். பட்டு எடுக்க வருகிறவர்கள் கோயிலையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தானே போகிறார்கள், கதையையும் கேட்டுவிட்டுப் போகட்டும். ஏகாம்பரநாதர் கோயில் தலபுராணத்தில் காமாட்சி மாவடியில் மணலால் லிங்கம் பிடித்துப் பூசிக்கிறாள். கம்பையாற்றில் வெள்ளம் வர, லிங்கத்தைக் கட்டி அணைத்துக் காக்கிறாள். இறைவன் குழைந்து கொடுக்கிறான். அவளுடைய வளைத்தழும்பையும் முலைத்தழும்பையும் தன் மேனியில் ஏற்கிறான். அதனாலேயே அவனுக்குத் தழுவக் குழைந்த நாதர் என்று பெயர். தழும்பு அவனுக்கு, கொடுத்தவள் அவள். அவளுடைய கோயிலிலோ பாசமும் அங்குசமும் கரும்பு வில்லும் மலர்க்கணையும் ஏந்தித் தனியே வீற்றிருக்கிறாள். ஊரில் மற்ற சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சந்நிதி வைப்பதில்லை என்பார்கள்.

சின்ன காஞ்சிபுரம் பக்கம் போனால் ‘அடியேன்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஆண்களை இன்றும் பார்க்கலாம். அங்கே திருவெஃகாவில் இருப்பவர் சொன்னவண்ணம் செய்த பெருமாள். திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணனைப் பல்லவ அரசன் நாடு கடத்த, ஆழ்வாரும் அவனோடு கிளம்பினாராம். பெருமாளையும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு வரச்சொல்ல, அவரும் சொன்னபடி சுருட்டிக்கொண்டு பின்னே போனார். திரும்பி வந்து படுத்தபோது வழக்கத்துக்கு மாறான திசையில் படுத்தார் என்று அந்தக் கிடந்த கோலத்துக்குக் காரணம் சொல்கிறார்கள். திருவரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று, உறையூர் நாச்சியாரிடம் போய்வந்த ரங்கநாதருக்குத் தாயார் சந்நிதிக் கதவு சாத்தப்படும். வாழைமட்டை அடியும் விழும். ஊரே கூடி நின்று ரசிக்கும்.

புராணம் வேறு, படுக்கையறை வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் பண்பாட்டைச் சாட்சிக்கு இழுத்தவர்கள் அவர்கள். சாட்சி கூண்டேறிச் சொல்வது இதுதான்: வலியவன் விரும்பிப் பணிவதை நாம் வெட்கமில்லாமல் கொண்டாடியிருக்கிறோம். கோயிலிலும் ஒரு கோணல் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் மாறிப் பாடினார்கள். காதலில் கரைந்துபோக ஆணுக்குப் பெண் வேடம் தேவைப்பட்டது. ஆண்டாளுக்கு அந்த வேடம் வேண்டியிருக்கவில்லை.

இனி எண்ணிக்கை. ஆஸ்திரேலியாவில் 2001-02இல் சுமார் 19,000 பேரிடம் எடுத்த ஆய்வில், முந்தைய ஓராண்டில் இத்தகைய உறவில் ஈடுபட்டதாகச் சொன்ன ஆண்கள் 2.2 சதவீதம், பெண்கள் 1.3 சதவீதம். இடைவெளி இருக்கிறது. ஆனால் ‘பெண்களே இல்லை’ என்ற பேச்சை இந்த 1.3 கவிழ்த்துவிடுகிறது. 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு இன்னும் சுவையானது. அதில் கலந்துகொண்ட, இத்தகைய உறவில் உள்ள பெண்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பணியும் பக்கம். பிறவிக்குணக்காரர்கள் இந்த வரியோடு தாளை மூடிவிடுவார்கள். அடுத்த வரியில் ஆண்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பணிகிறவர். ஆட்சி ஆணின் ரத்தத்தில் ஊறியது என்றால் இவ்வளவு பேர் எங்கிருந்து முளைத்தார்கள்?

பெண்கள் ஏன் ஒரு பக்கமே குவிகிறார்கள் என்பதற்குக் குறளைப் புரட்டினால் ஒரு தடயம் கிடைக்கும். பொருட்பாலில் 91ஆம் அதிகாரம் பெண்வழிச்சேறல். மனைவி சொல்லுக்கு நடுங்குகிற ஆணை அது ஏசுகிறது. காமத்துப்பாலில் 133ஆம் அதிகாரம் ஊடலுவகை. அங்கே தோற்பதுதான் இன்பம். கதவுக்குள் தோற்கலாம், தெருவுக்குத் தெரிந்தால் இழிவு. இந்தக் கணக்கில் ஆட்டுவிக்க விரும்பும் பெண்ணுக்கு ‘அடங்காப்பிடாரி’ பட்டம், பணிய விரும்பும் ஆணுக்குப் ‘பொண்டாட்டிதாசன்’ பட்டம். பணியும் பெண்ணுக்கு மட்டும்தான் பட்டம் இல்லை. பட்டம் இல்லாத இடத்தில் கூட்டம் சேர்வதை இயற்கை என்று எப்படி எழுதுவது?

எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதும் உண்டு. காஞ்சிபுரத்தில் நெசவு ஆண்கள் தொழில் என்றுதான் வெளியூர்க்காரர் நினைப்பார்; குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரைத்தான் பார்க்கிறார். தார் சுற்றுகிற பெண்ணும், கோர்வைப் புடவைக்கு எதிர்ப்பக்கம் நாடா தள்ளுகிற கையும் கணக்கில் வருவதில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் எண்ணியபோது கைத்தறித் தொழிலாளரில் 72 சதவீதம் பெண்கள். ஆசையைப் பொறுத்தவரை பெண் வெளியே தெரிவதற்கு ஆகும் செலவு இன்னும் அதிகம். கைப்பேசியை வீட்டில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். கூடத்தைத் தறி அடைத்துக்கொண்ட வீட்டில் சாத்துவதற்குத் தனிக் கதவு கிடையாது. படம் வெளியானால் ஆணுக்குக் கேலி, அவளுக்கு வாழ்க்கை.

கடைசியாக ஒரு வாதம், மற்றவற்றைவிடக் கனமானது. இது மனைவியை அடிப்பதற்கு நாகரிகப் பெயர்தானே என்பார்கள். கேட்கிறவர்களின் கோபம் நியாயமானது: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், திருமணமான தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அந்த 38 பேரிடம் யாரும் முன்கூட்டிப் பேசவில்லை; ‘போதும்’ என்றால் நிறுத்துகிற சொல்லை யாரும் அவர்களுக்குத் தரவில்லை. ஒப்புதல் உறவின் உயிரே அந்தச் சொல்தான். அதைச் சொல்ல முடியாதவள் பணியவில்லை, மாட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டும் ஒன்று என்கிறவர்கள் சட்டத்தைப் பார்க்கட்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, 18 வயது கடந்தவர் ஒப்பி ஏற்கும் சிறு காயத்தைக் குற்றமாக்குவதில்லை. 63ஆம் பிரிவின் விதிவிலக்கோ, 18 வயது கடந்த மனைவியோடு கணவன் கொள்ளும் உறவை வல்லுறவு ஆகாது என்கிறது. விளையாட்டுக்குக்கூட ஒப்புதல் கேட்கிற சட்டம் தாலிக்குப் பிறகு கேட்பதை நிறுத்திக்கொள்கிறது.