தொய்வு என்று தீர்ப்பிட்டவருக்கு



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர் நாளிதழின் ஒரு பக்கத்தை நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். 2022 டிசம்பர் 2-ஆம் தேதி அமேசான் பிரைமில் வெளியான ‘வதந்தி’ என்னும் தமிழ்த் தொடரின் விமர்சனம் அதில் இருந்தது. “ஐயா, இதைப் பார்க்கலாமா, கூடாதா?” என்று கேட்டார். கொலையும் காமமும் நிறைந்த கதை, திருவருகைக் காலத்தில் அது நமக்கு எதற்கு என்று ஒரே சொல்லில் அனுப்பிவைத்திருக்கலாம். பல போதகர்கள் அப்படித்தான் செய்வார்கள், நானும் செய்ததுண்டு. இம்முறை வீட்டுக்கு வந்து விமர்சனத்தைப் படித்தேன். படித்தபின் தொடரையும் பார்க்க வேண்டியதாயிற்று. நான்கு இரவுகளில் எட்டுப் பகுதிகளையும் பார்த்து முடித்தேன். (மகனுடைய கைப்பேசியில்தான், எனக்குச் சந்தா கிடையாது.)

இன்று நான் வழக்காட வந்திருப்பது தொடரோடு மட்டுமல்ல, அந்த விமர்சகரோடும்தான். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் எழுதியதைப் போலவே வேறு பலரும் எழுதுகிறார்கள். தனியொருவரைக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. நடிப்பு நன்று, ஒளிப்பதிவு நன்று, ஆனால் நடுப்பகுதி தொய்கிறது, நீளத்தைக் குறைத்திருந்தால் விறுவிறுப்பாக இருந்திருக்கும் என்பதே அவருடைய தீர்ப்பின் சாரம். இறுதியில் நட்சத்திரங்கள். முழுப் பத்தியிலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: என்னை இருக்கையில் கட்டிப்போட்டதா?

நம் ஊரில் கோரைப்பாய் வாங்க வருகிறவர்கூட இதைவிட அதிகம் கேட்கிறார். பாயைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்க்கிறார், ஓரத்தை இழுத்துப் பார்க்கிறார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெருக்கத்தைப் பார்க்கிறார். அந்தத் தறி எத்தனை வேகமாக ஓடியது என்று அவர் விசாரிப்பதில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். ஆண்ட்ரூ லூயிஸ் எழுதி இயக்கியது. புஷ்கர், காயத்ரி தயாரிப்பு. கன்னியாகுமரி வட்டாரத்தில் ஓர் இளம்பெண்ணின் சடலம் கிடைக்கிறது. முதலில் அது பெயர்பெற்ற நடிகையின் உடல் என்று எண்ணி ஊடகங்கள் ஓடி வருகின்றன. நடிகை உயிரோடிருக்கிறாள், இறந்தவள் வெலோனி என்னும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்துப் பெண். விடுதி நடத்தும் தாய், தகப்பனற்ற வீடு, அழகான மகள். ஊருக்கு இவை போதாதா? ஒவ்வொருவரும் அவளைப் பற்றி ஒவ்வொரு கதை சொல்கிறார்கள், பத்திரிகைகள் அச்சிடுகின்றன, எழுத்தாளர் ஒருவர் நாவலாக்குகிறார். எஸ்.ஜே. சூர்யா நடிக்கும் காவல் அதிகாரி அந்தக் கதைகளுக்குள் உண்மையைத் தேடித் தன் குடும்ப அமைதியையே இழக்கிறார். கொலையாளி யார் என்பதை இங்கே எழுத மாட்டேன், பயப்படாதீர்கள்.

விமர்சகர் வெட்டச் சொன்ன நடுப்பகுதியில் இருப்பவை இந்த வதந்திகளே. ஒரு பகுதியில் அவளை ஒருவிதமாக நம்புகிறோம். அடுத்த பகுதி அதைப் பொய்யாக்குகிறது. வெட்கமின்றிப் புதிய பொய்யை நம்பத் தொடங்குகிறோம். நான் அப்படித்தான் நம்பினேன். மூன்றாம் இரவில் கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுத்தபோது, அந்தப் பெண்ணின் நடத்தையைப் பற்றி நானே ஒரு முடிவுக்கு வந்திருந்ததை உணர்ந்தேன். முப்பது ஆண்டுகளாகப் பொய்ச்சாட்சியை விலக்கும் கற்பனையைப் போதித்து வருகிறவன் நான். தொய்வு என்று அவர் பெயரிட்டது, பார்ப்பவன் தன் தவறைக் கண்டுகொள்வதற்கு ஆகும் நேரம். அதை நறுக்கிவிட்டால் மிஞ்சுவது கொலையாளியின் பெயர் மட்டுமே.

வேதத்திலும் இப்படி ஒரு நீளம் உண்டு. நியாயாதிபதிகளின் புத்தகம் 19, 20 அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள். கிபியாவில் இரவு தங்கிய லேவியன், கதவைத் தட்டிய கொடியவர்களிடம் தன் மறுமனையாட்டியைத் தானே பிடித்து வெளியே விடுகிறான். விடியற்காலையில் அவள் வாசற்படியில் விழுந்து கிடக்கிறாள். எழுந்திரு என்கிறான், பதில் இல்லை. (அவள் இறந்துவிட்டாள் என்ற சொல் எபிரெய மூலத்தில் அவ்விடத்தில் இல்லை, கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் வருகிறது. இறையியல் கல்லூரியில் எங்கள் ஆசிரியர் இதைச் சொன்ன நாளை இன்னும் மறக்கவில்லை.) உடலைப் பன்னிரண்டு துண்டாக்கி இஸ்ரவேல் எங்கும் அனுப்புகிறான். சபை கூடுகிறது, நான்கு லட்சம் பேர். நடந்ததைச் சொல் என்று கேட்கிறார்கள். அவனும் சொல்கிறான். ஊரார் என்னைக் கொல்ல நினைத்தார்கள், அவளை அவமானப்படுத்தினார்கள், அவள் செத்தாள் என்கிறான். கதவைத் திறந்து அவளைப் பிடித்து வெளியே விட்டது யார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறான்! அந்த வாக்குமூலத்தை ஒருவரும் குறுக்கிட்டு விசாரிக்கவில்லை. போர் மூள்கிறது, இறுதியில் பென்யமீன் போர்வீரரில் 600 பேர் மட்டுமே பாறைக்கு ஓடித் தப்புகிறார்கள்.

முந்தின அதிகாரத்தில் நடந்ததை இவன் ஏன் மறுபடி சொல்ல வேண்டும், தொய்கிறதே என்று 20-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டிப் போகிறவனுக்கு அந்தப் பொய் தெரியாது. அவளுக்குப் பெயரும் இல்லை. அவள் பேசிய ஒரு சொல்லும் இல்லை. அவளுக்கு வேதாகமம் செய்த ஒரே நியாயம், இரண்டு சாட்சியங்களையும் அடுத்தடுத்து வைத்ததுதான்.

ஆகவே கொலைக்கதை என்பதற்காகவே ஒரு தொடரைத் தள்ளிவிடும் தகுதி நம் கையிலுள்ள புத்தகம் நமக்குத் தரவில்லை. ஆனால் அந்த விமர்சகர் கேட்டிருக்க வேண்டிய கடுமையான கேள்வி ஒன்று உண்டு. பெண்ணைப் பற்றிய வதந்தி தீயது என்று சொல்லும் இத்தொடர், ஒவ்வொரு வதந்தியையும் கண்ணுக்கு இனிதாகப் படமாக்குகிறது. பொய் என்று பின்னர் அறிவிக்கப்பட்டாலும் காட்சி நம் மனத்தில் நின்றுவிடுகிறது. ஊரார் அவளைப் பார்த்த பார்வையையே சில இடங்களில் கேமராவும் பார்க்கிறது. இறந்த பெண்ணின் உடலோடு கதையைத் தொடங்குவது 1990-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘ட்வின் பீக்ஸ்’ காலத்திலிருந்து பழகிப்போன வழி. இதே தயாரிப்பாளர்களின் ‘சுழல்’, 2022 ஜூனில் நம் பகுதிக்காரருக்கு நன்கு தெரிந்த மயானக் கொள்ளைத் திருவிழாவைப் பின்னணியாக வைத்து, காணாமற்போன ஒரு பெண்பிள்ளையோடு தொடங்கியது. அவள் உயிரோடிருந்தால் நாம் எட்டுப் பகுதி பார்ப்போமா? நீளத்தைக் குறித்து இவ்வளவு கறாராக இருந்தவர் இந்த இடத்தில் ஒரு வரியும் எழுதவில்லை. கனமான குற்றத்தில் விடுதலை, இலேசான குற்றத்துக்கு அபராதம். இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அவரைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. மகதலேனா மரியாளிடமிருந்து ஏழு பிசாசுகள் நீங்கின என்பதைத் தவிர அவளுடைய பழைய வாழ்க்கையைப் பற்றி லூக்கா வேறொன்றும் சொல்லவில்லை. 591-இல் முதலாம் கிரகோரி போப்பு தம் பிரசங்கத்தில் அவளையும் பாவியான பெண்ணையும் ஒருத்தியாக்கினார். திருச்சபை அதைச் சொல்லிச் சொல்லி அவளை வேசியாக்கிற்று. ஊழியத்தின் ஆரம்ப ஆண்டுகளில் நானும் அப்படியே பிரசங்கித்தேன். கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். விறுவிறுப்பான பிரசங்கம்.

இன்னொன்றும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நான் ஊழியம் செய்தபோது, பாடகர் குழுவிலிருந்த ஒரு பெண்பிள்ளை பேருந்தில் யாருடனோ பேசிக்கொண்டு வந்தாள் என்று ஒரு பேச்சு கிளம்பிற்று. மூன்று வாரத்தில் அது வளர்ந்து, எழுதத் தகாத உருவம் எடுத்தது. அவளை அழைத்து விசாரிக்க எனக்குத் துணிவில்லை. வாலிபர் ஒழுக்கம் என்று பொதுவாகத் தலைப்பிட்டுப் பிரசங்கம் செய்தேன். சபை முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் வரவில்லை. பிறகு வரவே இல்லை. பேருந்தில் அவளோடு பேசியவர் யார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவில்லை.

நம்மில் மூத்தவர்கள் சிறுவயதில் லுத்தரின் ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்திருப்பீர்கள். 1529-இல் அவர் எழுதியது. அவர் கணக்கில் எட்டாம் கற்பனை. வேறு சபைகளில் ஒன்பதாவது. அயலானைத் தூற்றாதிருந்தால் போதும் என்று அவர் அங்கே நிறுத்தவில்லை. அவனுக்காகப் பரிந்து பேசவும், அவன் காரியங்களுக்கு நல்ல பொருளையே கொள்ளவும் சொல்கிறார். இந்த நாட்களில் நாம் வாசிக்கும் மத்தேயு முதலாம் அதிகாரத்தில் யோசேப்பு அதைத்தான் செய்தார். தேவதூதன் வருவதற்கு முன்பே! அவர் கையில் ஊரையே கூட்டத்தக்க செய்தி இருந்தது. மரியாளை ஊரறிய அவமானப்படுத்த மனதில்லாமல் இரகசியமாய் விலகிக்கொள்ள யோசித்தார். வேதம் அவரை நீதிமான் என்கிறது. நற்செய்தி நூல்கள் நான்கிலும் யோசேப்பு பேசிய ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை.

தம்பிக்கு என் பதில்: பெரியவர்கள் பார்க்கலாம், பிள்ளைகளுக்குரியதல்ல. பார்க்கத் தொடங்கினால் பாதியில் நிறுத்தாதீர்கள். ஓட்டிவிட்டுப் பார்க்கவும் வேண்டாம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் என்ன நம்புகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வரும் புதன் மாலை வேதபாடத்தில் நியாயாதிபதிகள் 19, 20 இரண்டையும் ஒரு வசனமும் விடாமல் வாசிப்போம். அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள். நாளிதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்திருக்கிறேன். நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன், வெட்டித்தான் போடுவார்கள்.