விளையில் தேங்காய் வெட்டத்தான் லாயக்கா?

“எங்களுக்கு 60 சென்ட் தென்னை விளை இருக்கிறது. ஊடுபயிராக வாழை. மகன் பிளஸ் டூ தேர்வில் இயற்பியலில் தோற்றுவிட்டான். கோபத்தில், ‘இனி தேங்காய் வெட்டத்தான் நீ லாயக்கு’ என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. பம்ப்செட் மோட்டாரைத் தானே பிரித்து மாட்டுவான். மற்றபடி எதிலும் பிடிப்பில்லை. அவனை என்ன படிக்க வைக்கலாம்?”

- ஒரு வாசகர், குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.

இந்தக் கடிதத்தில் கேள்வி கடைசி வரியில் இருக்கிறது. ஆனால், முதலில் கவனிக்க வேண்டியது அதற்கு மேலே இருக்கிற வரிகள். தேர்வு முடிவு வந்த பிறகு ஒரு பிள்ளை சாப்பாட்டைக் குறைத்து, பேச்சை நிறுத்தினால், ‘இரண்டு நாளில் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடக் கூடாது. பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணில் மாணவர்களும் பெற்றோரும் பேசலாம். மனநல ஆலோசனைக்கு 14416 எண் இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. பிள்ளை பேச மறுத்தால் அப்பாவோ அம்மாவோ முதலில் பேசி, எப்படி நடந்துகொள்வது என்று கேட்டுக்கொள்ளலாம். அதுவரை அவனைத் தனியாக விடாமல் இருப்பது நல்லது.

அடுத்தது, அந்த ஒரு வார்த்தை. தோற்ற பிள்ளையை ‘மாடு மேய்க்கப் போ’ என்று திட்டுவது தமிழ்நாடு முழுக்க உண்டு. தென்னை உள்ள ஊரில் அது தேங்காய் வெட்டாகிறது, கடற்கரையில் வலை இழுப்பாகிறது. இப்படித் திட்டும்போது பெற்றோர் தங்கள் தொழிலையே தண்டனையாகக் காட்டுகிறார்கள். பையனுக்குக் கேட்பது இரண்டு சேதி: ‘நீ உதவாதவன்’; ‘உன் அப்பா செய்வதும் உதவாத வேலை.’ அந்த வீட்டுச் சோறே அந்த விளையிலிருந்துதான் வருகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். பிறகு அவன் தலைநிமிர எதைப் பிடித்துக்கொள்வான்?

சொன்னதைத் திரும்பப் பெறுவது அப்பாக்களுக்குக் கஷ்டம். அதைச் செய்த ஓர் அப்பா குமரி மாவட்டத்திலேயே இருந்திருக்கிறார். இஸ்ரோ தலைவராக 2018 முதல் 2022 வரை இருந்த சிவன், சரக்கல்விளையில் ஒரு விவசாயி மகன். தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்தவர். வீட்டுக்குப் பக்கத்தில் கல்லூரி இருந்தால்தான் மகன் தோட்ட வேலைக்கும் உதவுவான் என்று அவருடைய அப்பா கணக்குப் போட்டார். மகனுக்கோ இன்ஜினீயரிங் ஆசை. சாப்பிடாமல் அடம்பிடித்தும் அப்பா மனம் மாறவில்லை. நாகர்கோவிலில் பி.எஸ்சி கணிதம் படித்தார். படிப்பு முடிந்ததும் அதே அப்பா, ‘அன்று உன் ஆசையைத் தடுத்துவிட்டேன், இனி தடுக்க மாட்டேன்’ என்று சொல்லி, நிலத்தை விற்றுச் சென்னை எம்.ஐ.டி-க்கு அனுப்பினார். இதைச் சிவனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் நிலத்தை விற்க வேண்டும் என்பதில்லை, விற்கவே வேண்டாம். ‘அன்று தடுத்துவிட்டேன்’ என்று மகனிடம் வாய்விட்டுச் சொன்னாரே, அதற்குப் பணம் தேவைப்படவில்லை.

(ஒரு எச்சரிக்கை. ‘சிவனைப் பார்’ என்று தோற்ற பையனிடம் சொன்னால் அது இன்னொரு அடியாகத்தான் விழும். இந்தக் கதை அப்பாக்களுக்கு.)

இனி அந்த மோட்டார். ‘எதிலும் பிடிப்பில்லை’ என்று எழுதிய கடிதத்திலேயே, மோட்டாரைப் பிரித்து மாட்டுவான் என்றும் இருக்கிறது. பிடிப்பு அங்கேதான் இருக்கிறது. யாரும் சொல்லாமல் ஒரு பிள்ளை எந்த வேலையில் பசி மறந்து உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது, மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதைவிட உபயோகமானது. இயந்திரத்தோடு உட்காருகிறவர்கள் உண்டு, மனிதர்களோடு பேசிக் காரியம் முடிப்பவர்கள் உண்டு, செடி-கொடி, ஆடு-மாடு என்று திரிபவர்களும் உண்டு. மூன்றுக்கும் படிப்பு இருக்கிறது.

இந்தப் பையனுக்கு எந்தக் கதவும் மூடவில்லை. தோற்ற பாடத்துக்குத் துணைத்தேர்வு அதே ஆண்டில் சில வாரங்களிலேயே வந்துவிடும். அதில் தேறினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு டிப்ளமோவில் சேர முடியும். தேறாவிட்டாலும் 10-ம் வகுப்புத் தேர்ச்சியை வைத்து டிப்ளமோ முதலாம் ஆண்டிலோ, ஐ.டி.ஐ-யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளிலோ சேரலாம். இரண்டாண்டு ஐ.டி.ஐ முடித்தவரும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். படி கொஞ்சம் சுற்றிப் போகிறது, அவ்வளவுதான். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான நாராயணனும் குமரி மாவட்டத்துக்காரர். அவர் இயந்திரவியலில் டிப்ளமோ படித்துத்தான் தொடங்கினார். 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்து, வேலையில் இருந்துகொண்டே மேலே படித்தார்.

குளச்சல்காரர்கள் மறக்கக் கூடாத ஒன்று, கடல். கொச்சியில் உள்ள மத்திய மீன்வள கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனம் (சிஃப்நெட்), 10-ம் வகுப்பில் கணிதம், அறிவியலோடு தேறியவர்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி தருகிறது. படகு ஓட்டுவதற்கு ஒரு பிரிவு, படகு என்ஜினுக்கு ‘மரைன் ஃபிட்டர்’ என்று ஒரு பிரிவு. சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள் உண்டு. நுழைவுக்கு வயது வரம்பு இருப்பதால் தள்ளிப்போடக் கூடாது. மோட்டார் பிரிக்கிற கைக்கு இது பொருந்தலாம். ஆனால், முடிவை அப்பா எடுக்கக் கூடாது. நாகர்கோவிலுக்குப் போகும் ஒரு நாளில் அவனையும் அழைத்துப்போய், அரசு ஐ.டி.ஐ பட்டறையைக் காட்டி, மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் அவனையே கேள்வி கேட்கச் சொல்லலாம். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும். அவன் இன்னும் சரியாகச் சாப்பிடாமல் இருந்தால், இந்தப் பயணம் ஒரு வாரம் கழித்து நடக்கட்டும்.

கடைசியாக, தேங்காய் வெட்டு. அதைத் திட்டாகச் சொன்னவருக்கே தெரியும், வெட்ட ஆள் கிடைக்காமல் எத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று. இந்தத் தட்டுப்பாட்டுக்காகத்தான் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. மரமேறும் கருவியைப் பயன்படுத்தும் முறை, நோய் - பூச்சி கண்டறிதல், மரத்தின் கொண்டையைச் சுத்தம் செய்வது எல்லாம் அதில் வரும். பயிற்சி எப்போது என்று திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். இந்தப் பையன் அதற்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. மரமேறும் கருவியும் ஓர் இயந்திரம்தான். அதன் கம்பி, பெல்ட், பெடல் தேய்ந்தால் பழுது பார்க்க ஆள் வேண்டும்.

அடுத்த வெட்டு நாளில், ஏறுகிறவருக்குக் கூலி எவ்வளவு, காய் எத்தனை, வியாபாரி என்ன விலைக்கு எடுத்தார் என்று எழுதும் நோட்டை மகன் கையில் கொடுத்துப் பார்க்கலாம். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதியையும் அதே நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைக்கட்டும்.