உரைகல்லையும் உரைத்துப் பார்ப்போம்

பொன்னின் மாற்றை அறிய உரைகல் உண்டு. கைப்பேசியின் பிராசஸரை அறிய இன்று 'பெஞ்ச்மார்க்' கருவிகள் உண்டு. நண்பர் ஒருவர் புதுக் கைப்பேசி வாங்கிவிட்டால், "அன்டுட்டு எவ்வளவு?" என்பதே நம் முதற் கேள்வி. அந்த எண்ணை அப்படியே நம்பலாமா? கூடாது என்பதே என் கருத்து.

முதலில், பெயரைக் காண்போம். இக்கருவிகள் பிராசஸரைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதன் பெயரைப் பெரும்பாலும் கைப்பேசியின் மென்பொருளில் எழுதியுள்ளபடியே படித்துச் சொல்கின்றன. போலிக் கைப்பேசி செய்பவன் அங்கே உயர்ந்த பெயரொன்றை எழுதி வைத்தால், கருவியும் அதையே ஒப்பிக்கும். வேலிக்கு ஓணான் சாட்சி!

அடுத்தது வேகம். 2013ஆம் ஆண்டு, எக்ஸினோஸ் பிராசஸர் கொண்ட சாம்சங் கேலக்ஸி எஸ்4 கைப்பேசியில், கிராபிக்ஸ் பகுதி சில பெஞ்ச்மார்க் கருவிகளுக்கு மட்டும் 532 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது; மற்றவற்றுக்கு 480 தான். ஆனந்த்டெக் என்னும் இணைய இதழ் இதை வெளிப்படுத்தியது. அதே ஆண்டு ஆர்ஸ் டெக்னிக்கா இதழ், கேலக்ஸி நோட் 3இல் சோதனைக் கருவியின் பெயரை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்த்தது. மதிப்பெண் இறங்கிவிட்டது! பெயர் தெரிந்தபோது கிடைத்த மிகுதி 20 விழுக்காடு வரை. 2018இல் ஹுவாவேயின் சில மாடல்களை இத்தகைய குற்றத்திற்காகவே த்ரீடிமார்க் தன் தரப்பட்டியலிலிருந்து நீக்கியது. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வெள்ளையடிக்கும் கட்டடத்திற்கும் இவற்றுக்கும் என்ன வேறுபாடு?

அப்படியானால் கருவிகளே வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும். நோட் 3இன் பொய்யைக் காட்டிக் கொடுத்ததும் ஒரு கருவிதானே! குறை, ஒரே ஓர் எண்ணுக்கு நாம் தலைவணங்குவதில் இருக்கிறது. கருவி காட்டும் பெயரை நிறுவனத்தின் விவரத்தோடு ஒப்பிடுங்கள். அதே பிராசஸர் கொண்ட பிற கைப்பேசிகளின் மதிப்பெண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சோதனையை அடுத்தடுத்துப் பலமுறை ஓட்டுங்கள். சூடேறியதும் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

நம்மில் பலர் பழைய கைப்பேசி வாங்குவது பெற்றோர் வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தில். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று எண்ணொன்று சொன்னாலும், கேட்கும் நமக்கு மதி வேண்டாமா? மாணவர்களே, சிந்திப்பீர்!