ஊசியைக் காட்டி மிரட்டாதீர்!



"சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டுவிடுவேன்!" இந்த மிரட்டலைக் கேளாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் நம் நாட்டில் எத்தனை பேர்? வீட்டில் தொடங்கிய இப்பழக்கம் வகுப்பறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. இதனை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். இது வெறும் விளையாட்டுப் பேச்சு அன்று. முறிந்த ஊசி பிள்ளையின் உடலுக்குள் தங்கிவிடவும் வழிவகுக்கக் கூடிய பேச்சு!

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டா. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தி எறியப்படும் இன்றைய ஊசிகள் முறிவது மிக அரிது. அப்படி முறிந்த நேர்வுகளில் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டும் காரணங்கள் மூன்று. ஊசியை முன்னரே வளைத்தல். மெல்லிய ஊசியை அடிவரை செலுத்துதல். ஊசி உள்ளே இருக்கும்போது நோயாளி திடீரெனத் துள்ளுதல். பல் சிகிச்சைக்காகக் கீழ்த்தாடையை மரக்கச் செய்யும்போது இத்தகைய முறிவுகள் நிகழ்ந்துள்ளன. அங்குப் பயன்படும் ஊசிகளுள் சில 0.3 மில்லிமீட்டர் தடிமனே உடையவை.

ஊசி பெரும்பாலும் அதன் அடிப்பிடியோடு சேரும் இடத்தில்தான் முறியும். துண்டு வெளியே தெரிந்தால் மருத்துவர் இடுக்கியால் பற்றி உடனே எடுத்துவிடலாம். அடிவரை புதைந்துவிட்டாலோ, எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுத்து இடமறிந்து, அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வரலாம். வலி, வீக்கம், சீழ் ஆகியவை தோன்றலாம். தாடையென்றால் வாயைத் திறக்க இயலாமல் போகலாம். தசை அசைய அசையத் துண்டு இடம்பெயரவும் கூடும்.

ஆண்டு 1 மாணவர்களுக்கு நம் பள்ளிகளிலேயே தடுப்பூசி போடப்படுகிறது. பல் சிகிச்சைக் குழுவும் பள்ளிக்கு வருகிறது. அந்நாளில் சில பிள்ளைகள் கழிவறைக்குள் ஒளிகின்றனர். சிலர் தாதியின் கையைத் தட்டிவிடுகின்றனர். ஊசி என்பது தண்டனை என்று ஆண்டுக்கணக்கில் கற்பித்தவர்கள் நாம். அந்தப் பிள்ளை அசையாமல் அமர வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

"ஊசி முறிந்தால் அது ஊசி போடுபவரின் பொறுப்பு, எங்களை ஏன் குறை கூறுகிறீர்?" என்று சிலர் கேட்கலாம். ஆம், பொறுப்பு அவருடையதே. வளைந்த ஊசியை அவர் பயன்படுத்தக் கூடாது. முறிந்தால் மறைக்காமல் உடனே தெரிவித்து, பதிவேட்டிலும் எழுத வேண்டும். ஆனால், மூன்று காரணங்களுள் மூன்றாவது நம் வீட்டில் விளைகிறது. அதனைக் களைய வேண்டியவர் யார்?

"அப்படியானால் தடுப்பூசியே வேண்டா" என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட மறுப்போரும் உளர். இது எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தும் கதை. 2016ஆம் ஆண்டு தொண்டை அடைப்பான் நோய் நம் நாட்டில் மீண்டும் தலைகாட்டிச் சிறுவர்களின் உயிரைப் பறித்ததை மறந்துவிட்டோமா?

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் தடுப்பூசி வலியைக் குறைக்கும் வழிகளை வெளியிட்டது. பராமரிப்பவர் உடனிருக்க வேண்டும். பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். பொய்யான ஆறுதல் கூறக் கூடாது என்பன அவற்றுள் சில. ஆகவே, "வலிக்கவே வலிக்காது" என்றும் ஏமாற்றாதீர். "சற்றுச் சுருக்கென்று இருக்கும், கையை அசைக்காதே, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

ஊசி போட்ட இடம் பல நாள் கழித்தும் குத்துகிறது, வீங்குகிறது என்று பிள்ளை சொன்னால், "நடிக்காதே" என்று அதட்டாதீர். அவ்விடத்தைப் பிதுக்காமல், தேய்க்காமல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று விளக்கம் கேளுங்கள். துண்டு தங்கியிருப்பது உறுதியானால், பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேரும்போதும் அதனைத் தெரிவிக்க வேண்டும். அதில் இயங்குவது வலிமையான காந்தம்.

பிள்ளையை அடக்க அன்பும் கண்டிப்பும் போதும். ஊசியை மருத்துவரிடமே விட்டுவிடுவோம்.

சிந்திப்போம், செயல்படுவோம்!