மைல்டு ஹைபிரிட் கார் வாங்கினால் பெட்ரோல் மிச்சமாகுமா? ஒரு கொடுமுடி டூ கோவை கணக்கு

ஈரோட்டிலோ கரூரிலோ பழைய கார் விற்கும் யார்டுக்குள் நுழைந்தால், இப்படி ஒரு பேச்சு காதில் விழ வாய்ப்பு அதிகம்.

"ஏனுங்ணா, பின்னாடி எஸ்எச்விஎஸ்னு எழுதியிருக்கே, இது கரண்ட் வண்டியாங்க?"

"ஹைபிரிட் தம்பி. பாதி டீசல், பாதி கரண்ட். மைலேஜ் பிச்சுக்கும்."

வண்டி ஹைபிரிட் என்பது உண்மை. 'பாதி கரண்ட்' என்பது உண்மை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் பலருடைய பணம் போகிறது. பழைய சியாஸ் முதல் புது ஃபார்ச்சூனர் வரை பல வண்டிகளில் இப்போது இருப்பது 'மைல்டு ஹைபிரிட்' என்ற தொழில்நுட்பம். கொடுமுடியில் வீடு, கோவையில் வேலை என்று வார இறுதியில் ஓடும் ஒருவருக்கு இது என்ன தரும், என்ன தராது?

மைல்டு ஹைபிரிட் என்றால் என்ன?

எல்லா காரிலும் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒரு மோட்டார், பேட்டரியை சார்ஜ் செய்ய ஒரு ஆல்டர்னேட்டர் இருக்கும். மைல்டு ஹைபிரிட்டில் இந்த இரண்டு வேலையையும் ஐஎஸ்ஜி என்ற ஒரே கருவி செய்கிறது. பெல்ட் வழியாக இன்ஜினோடு சேர்ந்திருக்கும் இந்தக் கருவிக்கு மூன்று வேலைகள்.

ஒன்று, சிக்னலில் வண்டி நின்றதும் ஆஃப் ஆகும் இன்ஜினை, கிளட்சை மிதித்ததும் சத்தமில்லாமல் மறுபடி ஸ்டார்ட் செய்வது. இரண்டு, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் வீணாகும் ஆற்றலில் கொஞ்சத்தை மின்சாரமாக மாற்றி பேட்டரியில் சேர்ப்பது. மூன்று, வண்டி வேகமெடுக்கும்போது இன்ஜினுக்கு லேசாகக் கை கொடுப்பது.

கவனிக்க வேண்டியது இதுதான்: மின்சாரத்தில் மட்டும் இந்த வண்டி பொதுவாக ஓடாது. சக்கரத்தை உருட்டுவது எப்போதும் பெட்ரோலோ டீசலோதான். பேட்டரியில் மட்டும் கொஞ்ச தூரம் நகரக்கூடியது 'ஸ்ட்ராங் ஹைபிரிட்'. வீட்டில் பிளக் போட்டு சார்ஜ் செய்யக்கூடியது 'பிளக்-இன் ஹைபிரிட்'. மூன்றுக்கும் ஹைபிரிட் என்றே பெயர் என்பதால்தான் குழப்பம்.

பேட்டரி எவ்வளவு பெரிது?

2018-ல் வந்த மாருதி சியாஸ், எர்டிகா பெட்ரோல் வண்டிகளில் வழக்கமான லெட் ஆசிட் பேட்டரியோடு, சின்னதாக ஒரு 12 வோல்ட் லித்தியம் பேட்டரியும் சேர்ந்தது. அதன் கொள்ளளவு 6 ஆம்பியர் அவர். கரண்ட் பில் மொழியில் சொன்னால் 0.072 யூனிட். வீட்டு சீலிங் ஃபேனை சுமார் ஒரு மணி நேரம் ஓட்டலாம், அவ்வளவுதான். கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் இருப்பது 0.76 யூனிட் பேட்டரி. அதாவது பத்து மடங்கு. முழு எலக்ட்ரிக் கார்களில் இது பல பத்து யூனிட்.

பேட்டரி சிறியது என்பதை விட முக்கியமானது, அதற்குள் எவ்வளவு வேகமாக மின்சாரத்தைத் தள்ள முடியும் என்பது. 1,200 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதில் சுமார் 46 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. ஐந்து விநாடியில் பிரேக் போட்டு நிறுத்தினால், 2 கிலோவாட் அளவுள்ள ஐஎஸ்ஜி அதில் 3 வாட்-மணியைக்கூட பிடிக்க முடியாது. மீதி எல்லாம் பிரேக் பேடில் சூடாகிப் போய்விடும்.

அப்படியென்றால் 48 வோல்ட் எதற்கு?

இந்தச் சிக்கலுக்கான பதில்தான் அது. மின் சக்தி என்பது வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கி வருவது. 150 ஆம்பியர் கரண்டை 12 வோல்ட்டில் அனுப்பினால் 1.8 கிலோவாட். அதே கரண்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் 7.2 கிலோவாட். வயரை தடிமனாக்காமலே நான்கு மடங்கு வேலை வாங்கலாம்.

ஏன் 48-லேயே நிறுத்தினார்கள், 100 என்று போகக்கூடாதா? 60 வோல்ட்டுக்கு மேல் போனால் ஷாக் ஆபத்து உள்ள உயர் மின்னழுத்தமாகக் கணக்கிடப்படும். ஆரஞ்சு நிற கேபிள், தனி பாதுகாப்பு, பயிற்சி பெற்ற மெக்கானிக் என்று செலவு ஏறிவிடும். 48 வோல்ட் அந்தக் கோட்டுக்குள் நிற்கிறது. ஆடி நிறுவனம் 2016-ல் எஸ்க்யூ7 காரில் 48 வோல்ட் அமைப்பைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2019-ல் எம்ஜி ஹெக்டர் பெட்ரோல் ஹைபிரிட் இதோடு வந்தது. கொங்கு பக்கம் கல்யாண மண்டப வாசலில் வரிசை கட்டி நிற்கும் ஃபார்ச்சூனருக்கும் 2025-ல் 'நியோ டிரைவ்' என்ற பெயரில் 48 வோல்ட் வந்துவிட்டது.

கம்பெனி சொல்லும் மைலேஜ் பொய்யா?

பொய் இல்லை. ஆனால் அது எந்த ரோட்டின் மைலேஜ் என்று பார்க்க வேண்டும்.

மாருதி பிரெஸ்ஸாவின் மேனுவல் கியர் வண்டிகளில், மைல்டு ஹைபிரிட் இல்லாத வேரியண்ட்டுக்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 17.38 கிலோமீட்டர். மைல்டு ஹைபிரிட் உள்ள வேரியண்ட்டுக்கு 19.89. இன்ஜின் அதே 1.5 லிட்டர்தான். கிட்டத்தட்ட 14 சதவீத வித்தியாசம். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் 87 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 8,700 ரூபாய்.

இந்த மைலேஜ் ரோட்டில் எடுக்கப்பட்டதல்ல, ஆய்வகத்தில் உருளை மேல் வண்டியை ஓட்டி எடுக்கப்பட்டது. அந்தச் சோதனையின் முதல் பகுதி நகர ஓட்டத்தைப் போல அமைக்கப்பட்டது. அதில் சுமார் 30 சதவீத நேரம் வண்டி நின்றுகொண்டே இருக்கும். இரண்டாம் பகுதியிலும் வேகம் 90-ஐத் தாண்டாது. நின்றால் இன்ஜினை ஆஃப் செய்யும் வண்டிக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

இதே சோதனையில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிராண்ட் விட்டாரா அறிமுகமானபோது அதன் மைல்டு ஹைபிரிட் மேனுவலுக்கு 21.11, ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 27.97 என்று அறிவிக்கப்பட்டது. பெயர் ஒன்றாக இருந்தாலும் விஷயம் வேறு.

கொடுமுடி டூ கோவை: எங்கே மிச்சமாகும்?

கொடுமுடியில் கிளம்பி முத்தூர், காங்கேயம், பல்லடம், சூலூர் வழியாகக் கோவைக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். இந்த வழியில் வண்டி நிற்பது ஊர் முக்குகளிலும், கடைசியாகச் சிங்காநல்லூர் பக்கமும்தான். மொத்தம் பத்து நிமிடம் நின்றதாக வைத்துக்கொள்வோம். ஏசியோடு சும்மா நிற்கும் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஒரு மணி நேரத்துக்குத் தோராயமாக 0.8 லிட்டர் குடிக்கும். பத்து நிமிடத்துக்கு 0.13 லிட்டர். பயணம் முழுவதற்கும் செலவாகும் ஆறு லிட்டரில் இது இரண்டு சதவீதம். பிரேக்கில் சேரும் மின்சாரம், இன்ஜினுக்குக் கிடைக்கும் உதவி எல்லாம் சேர்த்தாலும் 14 சதவீதத்துக்கு அருகில் போவது கடினம்.

இப்போது அதே வண்டியை கோவைக்குள் தினமும் ஆபீஸுக்கு ஓட்டுபவரைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர், அதில் 20 நிமிடம் சிக்னலிலும் நெரிசலிலும் நிற்கிறார். நிற்பதற்கு மட்டும் 0.27 லிட்டர். அவர் ஒரு நாளைக்குச் செலவழிப்பதே ஒன்றேகால் லிட்டர்தான். ஐந்தில் ஒரு பங்கு நின்றே தீர்கிறது. மைல்டு ஹைபிரிட் பிறந்ததே இவருக்காகத்தான்.

ரோடு மாறினால் கணக்கும் மாறும். 2025 அக்டோபர் 9-ம் தேதி அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்டது. அதன் மேலே போகும் வண்டி சிக்னலில் நிற்பதில்லை. அந்தப் பத்து கிலோமீட்டரில் பெட்ரோலை மிச்சப்படுத்துவது பேட்டரி அல்ல, பாலம்.

சித்திரை வெயிலில் என்ன ஆகும்?

கோடையில் தமிழகத்தின் அதிக வெப்பப் பட்டியலில் கரூர் பரமத்தி அடிக்கடி வரும். கொடுமுடிக்கு அது பக்கத்து ஊர் மாதிரிதான். இந்த வெயிலுக்கு இரண்டு விளைவுகள் உண்டு.

முதலாவது, ஏசி. இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் ஏசி கம்ப்ரசரைச் சுற்றுவது இன்ஜின்தான். இன்ஜின் நின்றால் குளிர்ச்சியும் நிற்கும். உள்ளே சூடு ஏறியதும் இன்ஜின் தானாக மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடும், அல்லது நிற்கவே மறுக்கும். 'எங்க வண்டில ஆட்டோ ஸ்டாப் வேலை செய்யல' என்று ஏப்ரல், மே மாதங்களில் வரும் புகார்கள் பலவற்றுக்குக் காரணம் பழுது இல்லை, இதுதான்.

இரண்டாவது, பேட்டரியின் ஆயுள். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பேட்டரித் துறையில் உள்ள பொதுக் கணக்கு. பேட்டரி பலவீனமானால் வண்டி முதலில் கைவிடுவது ஆட்டோ ஸ்டாப் வசதியைத்தான். அதாவது மைலேஜுக்காகக் கொடுத்த பணம் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாகிவிடும். வண்டி ஓடும், அதனால் யாருக்கும் தெரியாது.

அரசு சலுகை இருக்கிறதா?

இருந்தது. 2015 ஏப்ரலில் மத்திய அரசின் ஃபேம் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் சியாஸ் டீசல் எஸ்எச்விஎஸ் வந்தது. மைல்டு ஹைபிரிட்டுக்கு அந்தத் திட்டத்தில் 13,000 ரூபாய் வரை மானியம் கிடைத்தது. எலக்ட்ரிக் வண்டிகளுக்காகப் பேசப்பட்ட திட்டத்தின் பணம், டீசல் கார்களுக்குப் போவதாக விமர்சனம் எழுந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் மைல்டு ஹைபிரிட் அந்தப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது.

இன்றைய ஜிஎஸ்டியில் 'ஹைபிரிட்' என்ற சொல்லுக்கு மட்டும் தனிச் சலுகை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்குள் இருந்து, பெட்ரோல் 1,200 சிசி அல்லது டீசல் 1,500 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம். மீறினால் 40. நீளத்தில் தப்பிக்கும் பிரெஸ்ஸா, 1.5 லிட்டர் இன்ஜினால் 40-ல் மாட்டுகிறது. உத்தரப் பிரதேசம் 2024-ல் பதிவு வரி விலக்கு கொடுத்தபோதும் அது ஸ்ட்ராங், பிளக்-இன் ஹைபிரிட்டுகளுக்குத்தான். தமிழகத்தில் வாழ்நாள் வரி விலையைப் பொறுத்தது. வேரியண்ட் விலை ஏறினால் வரியும் ஏறும்.

பிறகு ஏன் கம்பெனிகள் இதை விடுவதில்லை? ஒரு நிறுவனம் விற்கும் எல்லா கார்களின் சராசரி கார்பன் வெளியீட்டுக்கு மத்திய அரசு வரம்பு வைத்திருக்கிறது. 2022-23 முதல் அது கிலோமீட்டருக்கு 113 கிராம் என்ற அளவுக்கு இறுக்கப்பட்டது. அந்தக் கணக்கும் அதே ஆய்வகச் சோதனையில்தான் எடுக்கப்படுகிறது. உங்கள் ரோட்டில் மிச்சமாகாவிட்டாலும், கம்பெனியின் கணக்கில் அது மிச்சம்தான்.

பழைய வண்டி வாங்குவோர் எதைப் பார்க்க வேண்டும்?

டெஸ்ட் டிரைவில் இன்ஜின் சூடான பிறகு, ஏசியை அணைத்துவிட்டு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு கிளட்சை விடுங்கள். இன்ஜின் ஆஃப் ஆகி, கிளட்சை மிதித்ததும் ஸ்டார்ட் ஆக வேண்டும். பல முறை முயன்றும் ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்.

பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள. ஆட்டோ ஸ்டாப் வண்டிகளுக்கு அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரி தேவை. விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை மாட்டியிருந்தால், அது சீக்கிரம் படுத்துவிடும். லித்தியம் பேட்டரி உள்ள மாடலா என்று கேட்டு, அதை மாற்ற என்ன செலவாகும் என்று சர்வீஸ் சென்டரில் விலை வாங்கிய பிறகு பேரம் பேசுங்கள்.

எக்ஸ்ட்ரா லைட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பேட்டரி முனையில் நேரடியாக வயர் இழுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே கரண்டை அளக்கும் ஒரு சென்சார் இருக்கும். அதைத் தாண்டி வயர் கொடுத்தால் சார்ஜ் கணக்கு தப்பாகிவிடும்.

ஆக, யாருக்கு லாபம்?

மைல்டு ஹைபிரிட் ஏமாற்று வேலை இல்லை. நின்று நின்று போகிறவருக்கு அது நல்ல துணை. நீங்கள் தேர்வு செய்த வேரியண்ட்டிலேயே வந்தால் தாராளமாக எடுக்கலாம். அதற்காக மட்டும் ஐம்பதாயிரம், லட்சம் அதிகம் கொடுப்பதாக இருந்தால், ஒரு வாரம் உங்கள் வழக்கமான ரோட்டில் வண்டி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று போனில் குறித்துப் பாருங்கள். தினமும் இருபது நிமிடத்தைத் தாண்டினால் யோசிக்கலாம். காங்கேயம் ரோட்டில் நிற்காமல் போகிறவர் என்றால், அந்தப் பணம் வங்கியில் இருக்கட்டும். நேரான ரோட்டில் 100-ல் போவதை 80-க்குக் குறைத்தாலே, பேட்டரி தருவதைவிட அதிகம் மிச்சமாகும்.