பெரியவர்களும் படிக்கவேண்டிய சிறுவர் நூல்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் புத்தகக் கண்காட்சியில் இரும்புக்கை மாயாவி சித்திரக்கதையைக் கையில் எடுத்தால், "பேரனுக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. பலரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நகர்கிறார்கள். அந்தச் சங்கடத்துக்கு அவசியமே இல்லை. சிறுவர் நூல் என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் கதைகளில் பல, பெரியவர்கள் பெரியவர்களுக்காக எழுதியவை.

பரமார்த்த குரு கதையையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியிலிருந்து வந்து தமிழில் காப்பியம் பாடும் அளவுக்குத் தேர்ந்த வீரமாமுனிவர், 18ஆம் நூற்றாண்டில் அதை எழுதியது, தமிழ் கற்கும் ஐரோப்பியர்களுக்குப் பயிற்சியாக. 1822இல் அது ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சானபோதும், அதைப் படித்தவர்கள் வளர்ந்தவர்களே. ஆற்றைக் கடக்குமுன் அது தூங்குகிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான் குருவின் சீடன் ஒருவன். நீர் சீறுகிறது. ஆறு விழித்திருக்கிறது என்று அலறிக்கொண்டு ஓடிவருகிறான். ஒருவழியாக அக்கரை சேர்ந்த பிறகு தலையை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதாக எல்லோரும் ஒப்பாரி வைக்கிறார்கள். பத்து வயதில் இதைப் படித்தால் வயிறு வலிக்கச் சிரிப்போம். நாற்பது வயதில், தன்னைக் கணக்கில் சேர்க்காமலே ஊரை எடைபோடும் மனிதர்களை நிறையப் பார்த்துவிட்ட பிறகு, அதே பக்கத்தில் சற்று நின்று யோசிப்போம்.

பஞ்சதந்திரத்தின் கதையும் இதுதான். அரசகுமாரர்களுக்கு ஆட்சிமுறை கற்பிக்கும் நூலாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அது, 6ஆம் நூற்றாண்டில் பாரசீக அரசவைக்குப் போய் பஹ்லவி மொழியிலும், 8ஆம் நூற்றாண்டில் அரபியிலும் பெயர்க்கப்பட்டது. சிங்கமும் நரியும் பேசினாலும், பேச்செல்லாம் நட்பு, துரோகம், அதிகாரம் பற்றியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் தமிழ் உரைநடையில் தந்த தாண்டவராய முதலியார், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் தென்னாட்டு மொழிகள் பயின்ற சென்னைக் கல்லூரியில் தமிழாசிரியர். வேதாளக் கதைகளும் அப்படியே. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து அரசி சூரியமதியின் மனமகிழ்ச்சிக்காகச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் அவை இடம்பெற்றிருக்கின்றன.

இவையெல்லாம் எப்போது குழந்தைகளுக்கு மட்டும் என்று ஆயின? பள்ளிக்கூடமும் அச்சுப்புத்தகமும் பரவியபோது. வகுப்புக்கு ஒரு பாடநூல் வேண்டியிருந்தது. பாடநூலுக்கு நீதிக்கதை வசதியாக இருந்தது. அதே காலத்தில் நாவல் வந்து பெரியவர்களின் வாசிப்பைப் பிடித்துக்கொண்டது. திண்ணையில் எல்லா வயதினரும் சேர்ந்து கேட்ட கதை, வயதுவாரியாகப் பாகம் பிரிக்கப்பட்டது.

ஆனாலும் வீடுகள் அந்தப் பாகப்பிரிவினையை முழுதாக ஏற்கவில்லை. 1947இல் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா இதழ் எத்தனையோ வீடுகளில் தாத்தா முதல் பேரன் வரை கைமாறியது. உருவிய வாளும் தோளில் பிணமுமாக மன்னன் விக்கிரமன் நடந்துவரும், ஓவியர் சங்கர் வரைந்த படத்தை இன்றும் பலரால் கண்ணை மூடிக்கொண்டே பார்க்க முடியும். அந்தப் பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கேட்கும் பழைய கேள்வி ஒன்று: இறந்துபோன ஒரு பெண்ணை மூவர் நேசித்தார்கள். ஒருவன் அவள் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோனான். ஒருவன் சுடுகாட்டிலேயே அவள் சாம்பலின் மேல் படுத்துக் கிடந்தான். ஒருவன் எங்கோ அலைந்து மந்திரம் கற்றுவந்து உயிர் கொடுத்தான். அவள் யாருக்கு மனைவி? உயிர் தந்தவன் தந்தை, எலும்பு சுமந்தவன் மகன், சாம்பலை விட்டு நகராதவனே கணவன் என்கிறான் அரசன். சிறுவயதில் அது சாமர்த்தியமான விடை. நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தவர்களுக்கு அது துக்கத்தைப் பற்றிய தீர்ப்பு. கதையில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

சித்திரக்கதைகளின் வரலாறு இன்னும் கண்கூடானது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸும், 1984இல் லயன் காமிக்ஸும் வந்தன. அன்று காசு சேர்த்து வாங்கிய பையன்களுக்கு இன்று தலை நரைத்துவிட்டது. அவர்கள் படிப்பதை நிறுத்தாததால்தான் அந்த இதழ்கள் இன்றும் வெளிவருகின்றன. அந்தப் பிரியம் மதிப்புக்குரியது. ஆனால் அது பழைய நினைவோடு நின்றுவிடக் கூடாது.

ஏனென்றால், சிறுவர் நூலைக் குழந்தை வாங்குவதில்லை; பெரியவர்தான் வாங்குகிறார். அவரே படிக்காதபோது, அட்டைப் படத்தையும் விலையையும் பார்த்து வாங்குகிறார். அந்த அலட்சியம் தெரிந்த பதிப்பாளர் உப்புச்சப்பில்லாத நீதிக்கதைகளை மறுபடி மறுபடி அச்சிடுகிறார். இத்தனைக்கும், வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டெழுதிய அழ. வள்ளியப்பா, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கினார். சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கென்றே பால சாகித்திய புரஸ்கார் வழங்கிவருகிறது. ஆயினும் அந்த விருது பெற்ற தமிழ் எழுத்தாளர் ஒருவர் பெயரைச் சொல்லக்கூடிய இலக்கிய வாசகர்கள் மிகச் சிலரே. நாவலுக்குப் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதும் இதழ்கள், சிறுவர் நூலுக்கு நாலு வரி வரப்பெற்றோம் குறிப்போடு முடித்துக்கொள்கின்றன.

ஆகவே பெரியவர் ஒருவர் சிறுவர் நூலை ரசித்துப் படிப்பது, குழந்தைகளுக்குச் செய்யும் பெரிய உபகாரம். தனக்கே சலிப்பூட்டும் புத்தகத்தை அவர் பிள்ளை கையில் கொடுக்கமாட்டார். நல்லதைக் கண்டால் நாலு பேரிடம் சொல்வார். மட்டமானதைக் கண்டால் கேள்வி கேட்பார். இன்று எழுதும் சிறுவர் எழுத்தாளர்களுக்கு வேண்டியது அப்படிப்பட்ட வாசகர்கள். அவர்களுடைய புத்தகங்களைத் தேடி வாங்குவோம். முதலில் நாமே படிப்போம். வளர்ந்தவர்களின் இலக்கியத்தைப் பேசும் அதே அக்கறையோடு அவற்றைப் பற்றியும் பேசுவோம்.